டேக்வாண்டோ காஞ்சியில் பிறந்ததா?

முன்னுரை

தற்காப்புக் கலை என்றதும் தமிழகத்தில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கராத்தே. அதற்கு அடுத்தபடியாகப் பள்ளிக்கூட மைதானங்களிலும், மொட்டை மாடிகளிலும், கல்யாண மண்டபங்களிலும் வகுப்பு நடக்கும் கலை கொரிய நாட்டு டேக்வாண்டோ. இந்தியாவுக்கு இதை 1970களின் நடுவில் கொண்டுவந்து பரப்பியவர் ஜிம்மி ஜக்தியானி. இன்று பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் இதற்கு இடம் உண்டு.

காஞ்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொரியா என்ற பெயர் புதிதல்ல. இதே மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், 1998இல் ஹூண்டாய் ஆலை கார் தயாரிக்கத் தொடங்கியது. 2007இல் ஸ்ரீபெரும்புதூருக்கு சாம்சங் வந்தது. கொரியர்கள் குடியேறினார்கள், கொரிய உணவகங்கள் திறந்தன.

டேக்வாண்டோ வகுப்பில் சேரும் தமிழ்ப் பிள்ளை எப்படியும் ஒரு கதையைக் கேட்டுவிடும். "இந்தக் கலையெல்லாம் நம்முடையதுதான். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மர் சீனாவுக்குப் போய் ஷாவோலின் மடத்தில் கற்றுக்கொடுத்தார். அங்கிருந்து கொரியா, ஜப்பான் எல்லாம் போனது." 2011இல் 'ஏழாம் அறிவு' திரைப்படம் வந்த பிறகு இந்தக் கதை வீட்டுக்கு வீடு தெரிந்த ஒன்றாகிவிட்டது.

இது உண்மையா? இதற்குப் பதில் தேடுபவர் கொரியாவுக்கும் போக வேண்டும், சீனாவுக்கும் போக வேண்டும். கடைசியில் காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள கூரம் என்ற சிற்றூருக்கும் வர வேண்டும்.

முதல் நாள் வகுப்பு

'டே' என்றால் கால், 'க்வான்' என்றால் கை முஷ்டி, 'டோ' என்றால் வழி. கையாலும் காலாலும் போரிடும் நெறி என்பது பொருள். பயிற்சிக்கூடத்தின் பெயர் டோஜாங். உடையின் பெயர் டோபோக்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு வெள்ளை பெல்ட். இன்னும் எதுவும் எழுதப்படாத தாள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். முதல் நாளில் யாரும் உதைக்கக் கற்றுத்தருவதில்லை. "சாரியோத்" என்றால் நேராக நிற்க வேண்டும். "கியோங்னே" என்றால் குனிந்து வணங்க வேண்டும். "ஜுன்பி" என்றால் தயார் நிலை. பிறகு ஹனா, துல், செத், நெத் என்று கொரிய மொழியில் ஒன்று, இரண்டு எண்ணக் கற்க வேண்டும். அடுத்து ஜுச்சும் சோகி, அதாவது குதிரைமேல் உட்கார்ந்ததுபோல் முழங்காலை மடக்கி நிற்பது. ஐந்து நிமிடத்தில் தொடை நடுங்க ஆரம்பித்துவிடும்!

உதை வரும்போதும் முதலில் பாதம் வருவதில்லை. அப் சாகி எனப்படும் முன் உதைக்கு முழங்காலை மடக்கி மார்பை நோக்கித் தூக்க வேண்டும். அது சரியாக வந்த பிறகுதான் காலை நீட்ட வேண்டும். முழங்கால் தூங்கினால் உதையும் தூங்கும்.

சில வாரங்களில் பூம்சே தொடங்கும். எதிரி இல்லாமல், குறித்த வரிசையில் அடி, தடுப்பு, உதை ஆகியவற்றைச் செய்து காட்டுவது பூம்சே. முதல் பாடமான தேகுக் இல் ஜாங்கில் 18 அசைவுகள். மனத்தில் ஏறாவிட்டால் உடம்பில் ஏறாது. உடம்பில் ஏறாவிட்டால் அடுத்த நிறத்து பெல்ட் கிடைக்காது.

இத்தனையும் பார்க்கும் ஒரு தொடக்க மாணவருக்கு இது மிகப் பழைய கலை என்ற எண்ணம் தானாகவே வந்துவிடும். ஆனால் வரலாறு சொல்வது வேறு.

1955இல் பிறந்த பெயர்

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்தில் ஜப்பானுக்குப் படிக்கப் போன கொரிய இளைஞர்கள் சிலர் அங்கே கராத்தே கற்றார்கள். நாடு திரும்பிப் பயிற்சிக்கூடங்களைத் தொடங்கினார்கள். 1944இல் சியோலில் சுங் டோ குவான் என்ற கூடத்தை நிறுவிய லீ வோன் குக், ஜப்பானில் ஃபுனாகோஷி கிச்சினிடம் கராத்தே பயின்றவர். விடுதலைக்குப் பின் இதுபோன்ற கூடங்கள் பெருகின. ஒவ்வொரு கூடமும் தன் கலையை ஒவ்வொரு பெயரால் அழைத்தது.

'டேக்வாண்டோ' என்ற பெயர் 1955இல்தான் வந்தது. அதை முன்மொழிந்தவர் ராணுவத் தளபதி சோய் ஹோங் ஹி. அவரும் ஜப்பானில் கராத்தே கற்றவரே. 1966இல் அவர் சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பைத் தொடங்கினார். பின்னர் அரசுடன் மனக்கசப்பு ஏற்பட்டு 1972இல் கனடாவுக்குப் போய்விட்டார். அதே ஆண்டு சியோலில் குக்கிவோன் என்ற தலைமைப் பயிற்சியகம் திறக்கப்பட்டது. 1973இல் உலக டேக்வாண்டோ சம்மேளனம் உருவானது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக இருந்த டேக்வாண்டோ, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியானது. 2018இல் தென்கொரியா இதைத் தன் தேசியத் தற்காப்புக் கலையாகச் சட்டம் இயற்றி அறிவித்தது.

மாணவர் ஆசையோடு கட்டிக்கொள்ளும் பெல்ட்டும் அவ்வளவு பழையதல்ல. கறுப்பு பெல்ட் முறையை 1880களில் ஜூடோவை உருவாக்கிய ஜப்பானியர் கானோ ஜிகோரோ தொடங்கினார். வண்ண பெல்ட்கள் அதற்கும் பிறகு வந்தவை.

ஆனால் டேக்வாண்டோ வெறும் கராத்தே நகல் என்று சொல்வதும் தவறு. கராத்தேயில் கைக்கு முதலிடம் என்றால், டேக்வாண்டோவில் காலுக்கு முதலிடம். சுழன்று உதைப்பது, துள்ளி உதைப்பது, தலை உயரத்திற்கு உதைப்பது எல்லாம் கொரிய ஆசிரியர்கள் சில பத்தாண்டுகளில் உழைத்து வளர்த்தவை. கொரியாவில் தேக்கியோன் என்ற பழைய உதை விளையாட்டு ஒன்று உண்டு. அது அழிந்துபோகும் நிலையில் இருந்தபோது சோங் தோக் கி என்ற முதியவர் அதைக் காத்துக் கொடுத்தார். 2011இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அது இடம்பெற்றது. காலுக்கு மதிப்புக் கொடுக்கும் மனப்பான்மை கொரிய மண்ணில் ஏற்கெனவே இருந்தது எனலாம்.

கொரியர்கள் சொன்ன பழங்கதை

டேக்வாண்டோவை உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது கொரியர்கள் கராத்தே பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. ஆண்ட நாட்டிடமிருந்து கற்றோம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அதனால் 'இரண்டாயிரம் ஆண்டுப் பழமை' என்ற பேச்சு எழுந்தது. கொகுர்யோ அரசின் கல்லறை ஓவியத்தில் இருவர் எதிரெதிரே நிற்பதைக் காட்டி, இதுதான் டேக்வாண்டோ என்றார்கள். சில்லா அரசின் ஹ்வாராங் என்ற இளைஞர் படையைக் காட்டி, இவர்கள்தான் முன்னோர்கள் என்றார்கள்.

ஆனால் ஓவியத்தில் இருப்பது மல்யுத்தமாகவும் இருக்கலாம், நடனமாகவும் இருக்கலாம். ஹ்வாராங் பற்றிய பழைய நூல்கள் அவர்களின் ஒழுக்கம், பாட்டு, மலைப் பயணம், போர்க்களத் தியாகம் ஆகியவற்றைச் சொல்கின்றன. உதைக் கலையைச் சொல்லவில்லை. 1790இல் ஜோங்ஜோ மன்னர் காலத்தில் வந்த 'முயே தோபோ தோங்ஜி' என்ற போர்க்கலை நூலில் 24 வகைப் பயிற்சிகள் உள்ளன. பெரும்பாலும் ஈட்டி, வாள் போன்ற ஆயுதப் பயிற்சிகள். வெறுங்கைச் சண்டைக்கு ஒரே ஒரு பகுதி. அதுவும் சீனத் தளபதி ச்சீ ஜிகுவாங்கின் நூலைத் தழுவியது.

ஜப்பானியரும் இதில் குறைந்தவர்கள் அல்லர். ஒகினாவாத் தீவில் 'சீனக் கை' என்று பொருள்படும்படி எழுதப்பட்ட கராத்தேயை, 1930களில் அதே ஒலியுள்ள வேறு எழுத்தை வைத்து 'வெறும் கை' என்று மாற்றி எழுதினார்கள். ஜப்பான் சீனாவின் பெயரை மறைத்தது. கொரியா ஜப்பானின் பெயரை மறைத்தது. கடன் வாங்கியவர் கடன் கொடுத்தவரின் பெயரைச் சொல்லத் தயங்குவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. தமிழகத்தில் நடப்பதோ இதற்கு நேர் எதிர். கடன் கொடுத்ததற்குச் சான்று இல்லாமலே கணக்கு எழுதுவது!

போதிதர்மர்: நூல்கள் சொல்வது என்ன?

போதிதர்மர் பற்றிய மிகப் பழைய குறிப்பு 547ஆம் ஆண்டளவில் யாங் சுவான்ஜி என்ற சீனர் லோயாங் நகரத்துப் பௌத்த மடங்களைப் பற்றி எழுதிய நூலில் இருக்கிறது. அதில் போதிதர்மர் பாரசீகத்திலிருந்து வந்த துறவி. தனக்கு 150 வயது என்று சொல்லிக்கொண்டு, யோங்னிங் கோயிலின் கோபுர அழகைக் கண்டு வியந்து நின்றவர். அவ்வளவுதான்.

அவருடைய வழியில் வந்த தான்லின் எழுதிய முன்னுரையில்தான் அவர் தென்னிந்திய மன்னர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று வருகிறது. 1004ஆம் ஆண்டின் சான் பௌத்த நூலொன்று அந்த நாட்டின் பெயரை 'சியாங்ச்சி' என்கிறது. இதைக் காஞ்சி என்று சில அறிஞர்கள் கொள்கிறார்கள். ஆகவே போதிதர்மர் காஞ்சியிலிருந்து போனவராக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் 'பல்லவர்' என்ற சொல் இந்தப் பழைய நூல்கள் எதிலும் இல்லை. அவர் சண்டை கற்றுக்கொடுத்தார் என்பதும் இல்லை.

ஷாவோலின் மடம் 495ஆம் ஆண்டையொட்டி வேறொரு துறவிக்காக அமைக்கப்பட்டது. அவரும் இந்தியர்தான். பெயர் பாதுவோ. 621இல் ஷாவோலின் துறவிகள் பின்னாளில் தாங் பேரரசரான லி ஷிமினுக்குப் போரில் உதவினார்கள் என்பதை அங்கே உள்ள 728ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அதிலும் போதிதர்மரின் போர்க்கலை பற்றிப் பேச்சே கிடையாது.

அப்படியானால் கதை எங்கிருந்து வந்தது? 'யீ ஜின் ஜிங்' என்ற உடற்பயிற்சி நூலிலிருந்து. தசைநார்களை வலுவாக்கும் முறைகளைச் சொல்லும் இந்த நூல் போதிதர்மரின் பெயரைத் தாங்கி வந்தது. ஆனால் அது 1624இல் எழுதப்பட்டது. போதிதர்மருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தியது! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவல்களும் மலிவு விலை நூல்களும் இதை ஊதிப் பெரிதாக்கின. 1930களிலேயே தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் இது கட்டுக்கதை என்று சான்றுகளோடு எழுதிவிட்டார்.

கூரம் செப்பேடு தரும் பாடம்

இப்போது கூரத்திற்கு வரலாம். இங்கே முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருகம் என்ற சிவன் கோயில் கட்டப்பட்டது. பல்லவர்கள் பாறையைக் குடையாமல் கட்டி எழுப்பிய கோயில்களில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று.

இந்தக் கோயிலுக்கான கொடையைச் சொல்வதுதான் கூரம் செப்பேடு. வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பட்டது. ஹூல்ட்ஷ் இதைப் படித்து 1890இல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் வெளியிட்டார். பரமேசுவரமங்கலம் என்ற ஊர் 25 பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. 20 பங்கு வேதம் கற்ற அந்தணர்களுக்கு. 3 பங்கு கோயில் வழிபாட்டுக்கும் பராமரிப்புக்கும். ஒரு பங்கு மண்டபத்திற்குத் தண்ணீரும் நெருப்பும் வைப்பதற்கு. மீதி ஒரு பங்கு மண்டபத்தில் பாரதம் படிப்பவருக்கு. ஏரிக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்த செய்தியும் இதில் உண்டு.

போர்ச் செய்தியும் உண்டு. பரமேசுவரவர்மனின் பாட்டனார் நரசிம்மவர்மன், தோற்று ஓடிய புலிகேசியின் முதுகையே ஏடாக்கி அதில் வெற்றி என்ற எழுத்தைப் பொறித்தார் என்கிறது செப்பேடு. மல்லர்களில் பெரியவர் என்று பொருள்படும் மாமல்லன் பட்டம் பெற்றவர் அவரே. பேரனின் யானைக்கு அரிவாரணம் என்றும் குதிரைக்கு அதிசயம் என்றும் பெயர். பல லட்சம் படையோடு வந்த சாளுக்கிய விக்கிரமாதித்தன் கந்தலை மட்டும் போர்த்திக்கொண்டு ஓடினான் என்றும் அது கூறுகிறது. போர் நடந்த இடம் பெருவளநல்லூர் என்பதைப் பிற்காலத்து உதயேந்திரம் செப்பேடு சொல்கிறது.

இதை மட்டும் படித்தால் பல்லவர்க்கு முழு வெற்றி. ஆனால் அதே விக்கிரமாதித்தன் 674இல் வெளியிட்ட கத்வால் செப்பேடு வேறு கதை சொல்கிறது. அவர் பல்லவரை வென்று காஞ்சியைக் கைப்பற்றினார், காவிரியின் தென்கரையில் உறகபுரத்தில் பாசறை அமைத்திருந்தார் என்கிறது அது.

யார் சொல்வது உண்மை? வரலாற்று ஆசிரியர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். சாளுக்கியர் முதலில் வென்று காவிரி வரை வந்திருக்க வேண்டும், பிறகு பல்லவர் திருப்பி அடித்துத் துரத்தியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். தன் வீட்டுச் செப்பேடு சொல்வதையும் எதிரி வீட்டுச் செப்பேட்டோடு ஒப்பிட்ட பிறகே ஏற்பது என்ற இந்த முறைதான் வரலாறு. டேக்வாண்டோ கதைக்கும், போதிதர்மர் கதைக்கும் இதே அளவுகோல்தான்.

காஞ்சி ஆசிரியரும் கொரிய மாணவரும்

அப்படியானால் காஞ்சிக்கும் கொரியாவுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. கட்டுக்கதையைவிட அழகான தொடர்பு அது.

கூரம் கோயிலைக் கட்டிய பரமேசுவரவர்மனின் மகன் இரண்டாம் நரசிம்மவர்மன் என்ற இராஜசிம்மன். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டியவர். இவர் சீனாவுக்குத் தூது அனுப்பினார். அரபியரையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைப்படையைப் பயன்படுத்த விரும்புவதாக இவர் தெரிவித்ததையும், தாங் பேரரசர் அந்தப் படைக்குச் சிறப்புப் பெயர் வழங்கியதையும் 720ஆம் ஆண்டின் கீழ்ச் சீனக் குறிப்புகள் பதிவு செய்துள்ளன.

இவர் காலத்தில் வாழ்ந்தவர் வஜ்ரபோதி என்ற பௌத்த ஆசிரியர். காஞ்சியில் பஞ்சம் வந்தபோது மன்னர் கேட்டுக்கொண்டபடி மழைக்காக வேண்டுதல் செய்தவர் என்று சீன மொழியில் உள்ள அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அவர் இலங்கை வழியாகவும், சுமத்ராவின் ஸ்ரீவிஜயம் வழியாகவும் கடல் கடந்து 720ஐ ஒட்டிச் சீனா சேர்ந்தார்.

அங்கே அவருக்கு வாய்த்த மாணவர்களில் ஒருவர் ஹ்யேச்சோ. கொரியாவின் சில்லா அரசைச் சேர்ந்த இளைஞர்! அவர் 720களில் கடல் வழியாக இந்தியாவுக்கு வந்து, பல நாடுகளைச் சுற்றி, மத்திய ஆசியா வழியாகச் சீனா திரும்பினார். ஐந்து இந்திய நாடுகளைப் பற்றி ஒரு பயண நூலும் எழுதினார். பின்னர் தலைநகர் சாங்கானில் 733 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வஜ்ரபோதியிடம் பயின்றார். 741இல் ஆசிரியர் மறைந்தார். ஹ்யேச்சோ கொரியா திரும்பவேயில்லை. அவர் எழுதிய நூலும் காணாமல் போயிற்று. 1908இல் துன்ஹுவாங் குகையில் பிரெஞ்சு அறிஞர் பெலியோவின் கைக்குச் சிதைந்த ஏடாகக் கிடைத்தது.

காஞ்சி மன்னரின் மதிப்பைப் பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் ஒரு கொரிய இளைஞர் உட்கார்ந்து பாடம் கேட்டார் என்பது எழுத்தில் இருக்கும் வரலாறு. பாடம் உதை அல்ல, மந்திரமும் தத்துவமும். போதிதர்மரைத் தெரிந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஹ்யேச்சோவைத் தெரியும்? இல்லாத ஒன்றுக்கு உரிமை கொண்டாடும் அவசரத்தில், இருக்கும் ஒன்று மறந்துபோகிறது. போலிப் பெருமையால் வரும் நட்டம் அதுதான்.

தூக்கிய முழங்கால்

கூரத்திற்கு இன்னொரு பெருமையும் உண்டு. இவ்வூரில் கிடைத்த பல்லவர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிதம்பரம் நடராசரைப் போலக் கால் குறுக்கே நீண்டிருக்காது. முழங்கால் மடங்கி மேல்நோக்கித் தூக்கி நிற்கும். இந்த நிலைக்கு ஊர்த்துவஜானு என்று பெயர். 'உயர்த்திய முழங்கால்' என்பது பொருள்.

வெள்ளை பெல்ட் மாணவர் முன் உதைக்குத் தயாராகும் நிலையும் ஏறக்குறைய இதுவேதான். இதைக் காட்டி 'பார், டேக்வாண்டோ கூரத்திலிருந்து போனது' என்று நாளை ஒருவர் எழுதக்கூடும். எழுதக் கூடாது! மனிதர் எல்லோருக்கும் இரண்டு கால்தான். ஒற்றைக் காலில் நிற்க வேண்டுமென்றால் நிற்கும் கால் உறுதியாகவும், இடுப்பு அசையாமலும் இருந்தாக வேண்டும். நடனக்காரரும் போர்வீரரும் தனித்தனியே இதைக் கண்டுகொள்ள முடியும். ஒற்றுமை வேறு, தொடர்பு வேறு. ஆனால் அந்தத் திருமேனியின் ஊன்றிய காலைக் கவனித்துப் பார்க்கும் மாணவருக்கு ஒரு நல்ல பாடம் கிடைக்கும் என்பதில் ஐயமில்லை.

கூரம் என்றால் வைணவர்களுக்குக் கூரத்தாழ்வான் ஊர். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசரின் தலைமாணவர் அவர். ஸ்ரீபாஷ்யம் எழுதத் தேவைப்பட்ட பழைய உரைநூல் கையை விட்டுப் போனபோது, அதை இரவோடு இரவாகப் படித்து மனத்தில் ஏற்றி வைத்திருந்த கூரத்தாழ்வான் ஆசிரியருக்கு உதவினார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. ஏடு போனாலும் பாடம் போகாதபடி தன்னுள் வைத்துக்கொள்பவரே மாணவர் என்பது அதன் கருத்து. பூம்சேயின் 18 அசைவுகளையும் மனப்பாடம் செய்யச் சொல்லும் பயிற்சியாளர் கேட்பதும் அதைத்தான்.

முடிவுரை

டேக்வாண்டோ காஞ்சியில் பிறந்ததல்ல. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் கொரியாவில் பிறந்ததும் அல்ல. அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு நாட்டின் இளைஞர்கள், ஆண்டவர்களிடம் கற்றதைத் தம் மண்ணின் உதையோடு சேர்த்து, போரில் சிதைந்த நகரத்தில் வளர்த்து, ஒரே தலைமுறையில் ஒலிம்பிக் வரை கொண்டுபோன கலை அது. இந்த உண்மை எந்தப் பழங்கதைக்கும் குறைந்ததல்ல.

காஞ்சிபுரத்துப் பிள்ளை ஒருவர் இந்தக் கலையைக் கற்க வேண்டுமென்றால் அது முதலில் நம்முடையதாக இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹ்யேச்சோ காஞ்சியிலிருந்து வந்த ஆசிரியரிடம் படித்தபோது அந்தக் கல்வி கொரியாவுடையதா என்று கேட்கவில்லை. அன்று கொரியர் மாணவர், இன்று தமிழர் மாணவர். அடுத்தவரிடம் கற்பதில் இழிவு எதுவும் இல்லை. கற்ற பிறகு கற்றுத்தந்தவர் பெயரை மறைப்பதில்தான் இருக்கிறது.

வகுப்பின் முதல் பாடம் குனிந்து வணங்குவது. அந்த வணக்கத்தை உண்மையான ஆசிரியர்களுக்குச் செலுத்தத் தெரிந்துகொண்டால், வெள்ளை பெல்ட் மாணவர் பாதி தூரம் வந்துவிட்டார் எனலாம். மீதிப் பாதிக்கு முழங்காலைச் சரியாகத் தூக்கிப் பழக வேண்டியதுதான்!